லாச்சிக்குள் ஒல்லாந்தர்

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் மொத்தக்கடையில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரின்ஸ் வீதி. லொறி, தள்ளுவண்டி, மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய தூண்களோடு இரண்டு மாடி வீடு ஒன்று அங்கே நிற்கிறது. அதுதான் ஒல்லாந்தர் கால நூதனசாலை. அதன் வாசலைத் தாண்டி ஆயிரம் தரம் போயிருப்பேன். உள்ளே கால் வைத்ததில்லை. கடைசியில் என்னை உள்ளே தள்ளியது ஒரு ஒக்டோபர் மழை. குடை கடையில், கையில் பில் கொப்பி. நனையவிட்டால் முதலாளியிடம் பேச்சு விழும். ஓடிப்போய்த் தூணுக்குள் ஒதுங்கினேன். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை, டிக்கட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சுவரின் தடிப்பை வாசல் நிலையில் பார்த்தாலே தெரியும். நாலு அடி நடந்ததும் புறக்கோட்டையின் இரைச்சல் அறுந்துவிட்டது. நடுமுற்றம், கிணறு, புல். சுற்றிவர அறைகள். அறைகளில் பெரும்பாலும் தளபாடங்கள்: கருங்காலி, முதிரை, இன்னும் பெயர் தெரியாத கறுத்த மரங்கள். ஒரு எழுதும் மேசையின் முன்னால் நின்றேன். முகப்பு முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அங்கே நின்ற காவலாளி சிங்களவர். பேச்சுக்கொடுக்கலாமே என்று ஒன்றைக் காட்டி, இதைச் சிங்களத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"லாச்சுவ."

"எங்களுக்கும் அதுதான். லாச்சி."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒல்லாந்தர் விட்டுப்போனது. முப்பது வருஷமாகக் காலையில் திறந்து பின்னேரம் பூட்டுகிற என்னுடைய காசு லாச்சி ஒல்லாந்துக்காரனுடைய பெயரில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் போடுகிற துட்டும் அவன் கொண்டுவந்த செப்புக்காசின் பெயர்தான். நான் வேலை செய்கிற இடத்தை அம்மா சாகும்வரை 'கந்தோர்' என்றுதான் சொன்னா. அதுவும் அவனுடையது. பக்கத்தில் நின்ற அலுமாரி, மேசை, கதிரை மூன்றும் அவனுக்கு முந்தி வந்த போர்த்துக்கேயனுடையவை. மழை விட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை. பேச்சு எப்படியும் விழுந்தது.

அன்றிரவு வீட்டில் இதை ஒரு கண்டுபிடிப்புப்போலச் சொன்னேன். தரம் பத்துப் படிக்கிற மகள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அப்பா, உதெல்லாம் எங்கட தமிழ்ப் புத்தகத்தில இருக்கு. திசைச்சொல். பாடமாக்கினது."

இருக்கலாம். பட்டியலாகப் பாடமாக்குகிறபோது லாச்சி திறபடாது.

கொழும்பின் சரித்திரத்தை நூதனசாலையில் தேடிப் போகிறவர்கள் செய்கிற பெரிய பிழையை நானே ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் முந்தி கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணிக்கு உள்ளே போய், ஒரு கூடமும் விடாமல், ஒரு கண்ணாடிப்பெட்டியும் விடாமல் பார்த்து, பகல் இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். பெரியவர்களுக்கு முழங்கால் நோ, பிள்ளைகளுக்குப் பசி. என்ன பார்த்தாய் என்று தம்பியின் சின்னவனைக் கேட்டேன். வளவுக்குள் நிற்கிற ஆலமரம் நல்லாயிருந்ததாம். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதைவிட அதிகமாக ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி என்று எல்லா இராச்சியமும் வரிசையாக வந்து போயின. நாங்கள் பஸ்ஸில் வந்திறங்கிய கொழும்பு மட்டும் அதற்குள் எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை.

லாச்சிக்குப் பிறகு வேறு மாதிரிச் செய்தோம். ஒரு தடவைக்கு ஒரு கட்டடம், அதிலும் மூன்று பொருள். மகளின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஒரு பொருள் என்று எழுதத் தொடங்கினோம். அதன் வருஷம், யார் கை மாறி வந்தது, இந்த ஊரில் எந்தத் தெருவுக்கு அது சொந்தம். கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு விடை அநேகமாக விளக்கப் பலகையில் எழுதியிருக்காது. நாமாக ஊருக்குள் நடந்து தேடவேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று மகள் கேட்டாள். போன தடவை எடுத்த இருநூறு படத்தில் ஒன்றையாவது திரும்பப் பார்த்தாயா என்று கேட்டேன். பேசாமல் பேனை எடுத்தாள்.

முதற்பக்கம் பிரின்ஸ் வீதி வீடு. 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியது. தோமஸ் வான் ரீ என்ற ஒல்லாந்து ஆளுநர், 1692 முதல் 1697 வரை பதவியில் இருந்தவர், இதில் குடியிருந்தார். இன்றைக்கு மூட்டையும் சாக்கும் குவிகிற இந்தப் பகுதி அப்போது ஒல்லாந்தர் வீடு கட்டிக் குடியிருந்த இடம். கோட்டைக்குப் புறத்தே இருந்த ஊர். எங்கள் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. வான் ரீக்குப் பிறகு அந்த வீடு எத்தனையோ வேலைக்குப் பயன்பட்டு, தபாற்கந்தோராகவும் இருந்து, 1982இல்தான் நூதனசாலையானது.

இரண்டு கிழமை கழித்துத் தேசிய நூதனசாலைக்குப் போய், வேறெதையும் பார்க்காமல் நேரே கண்டி அரசரின் சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றோம். தங்கத்தகடு போர்த்த மரம், சிவப்பு வெல்வெட், கை வைக்கிற இடத்தில் சிங்கங்கள். தம்பி குடும்பத்தோடு வந்தபோதும் இதைப் பார்த்திருக்கிறேன். "வடிவான கதிரை" என்றதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இந்தத் தடவை மகள் விவரத்தை எழுதத் தொடங்கினவள் நிறுத்தினாள். 1693ஆம் ஆண்டு ஒல்லாந்து ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. கொப்பியில் முன்பக்கத்தைப் புரட்டினாள்.

"அப்பா, இந்தாள் எங்கட பிரின்ஸ் வீதிக்காரன்!"

வான் ரீயேதான். இரண்டு நூதனசாலைகள், நடுவில் நாலைந்து கிலோமீற்றர். ஒன்றில் கொடுத்தவனின் வீடு, மற்றதில் கொடுத்த பொருள். இதை இணைக்கிற வேலையைப் பார்க்கிறவன்தான் செய்யவேண்டும். 1693இலிருந்து 1815வரை 122 வருஷம் கண்டி அரசர்கள் அதில் இருந்தார்கள். 1739க்குப் பிறகு இருந்த நால்வரும் நாயக்க வம்சத்தார். கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்குப் போய் 1832இல் அங்கேயே இறந்தான். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. போன கணக்கு 119 வருஷம். வீட்டில் இருந்த காலமும் வெளியில் இருந்த காலமும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. கணக்கு எழுதுகிறவன் புத்தி இப்படித்தான் வேலை செய்யும், மன்னிக்கவேண்டும்.

அதே புத்திதான் அதே நூதனசாலையில் இருக்கிற காலிக் கல்வெட்டின் முன்னால் என்னை அரை மணித்தியாலம் நிற்கவைத்தது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்து தெற்கே காலி ஊரில் நாட்டிய கல். உச்சியில் இரண்டு சீன நாகங்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழில் சில எழுத்துகளை மட்டும் மகளும் நானும் மல்லுக்கட்டிப் பிடித்தோம். பொருளை விளக்கத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். சீனப்பகுதி புத்தருக்கு, தமிழ்ப்பகுதி தென்வரைக் கோயில் தெய்வமான தென்வரை நாயனாருக்கு, பாரசீகப்பகுதி அல்லாஹ்வுக்கு. வணக்கம் சொன்ன பிறகு வருவது காணிக்கைப் பட்டியல்: பொன் 1000, வெள்ளி 5000, பிறகு பட்டு, தூபக்கால், சந்தனம், எண்ணெய், மெழுகுதிரி. மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சாமான்கள், ஒரே அளவு. எனக்கு அது பில்லாகத்தான் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்குக் கூட, மற்றவருக்குக் குறைய என்று ஒருவரும் பேச்செடுக்க முடியாதபடி, மூன்று பிரதி. இந்தத் தீவின் துறைமுகத்தில் வியாபாரம் செய்ய வருகிறவன் எந்த மொழிகளில் கணக்குக் காட்டவேண்டும் என்பது 1409இல் சீனாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தென்வரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். கல்லை 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தபோது அது மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்து கிடந்ததால்தான் எழுத்து இவ்வளவாவது தப்பியது போலும். இது காலியின் சரித்திரம்தானே, கொழும்புக்கு என்ன பங்கு என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. எல்லா ஊர்ச் சாமானும் கடைசியில் வந்து சேருகிற இடம் கொழும்பு. என் கடையிலும் அப்படித்தான்.

பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நடராஜரிடம் எல்லாரும் நிற்பார்கள். நீங்கள் காரைக்கால் அம்மையாரிடம் நில்லுங்கள். எலும்பும் தோலுமாகத் தாளத்தோடு இருக்கிற அந்தச் சின்னச் சிலையைப் பார்த்து மகள், "இவ தான் பேய் வடிவம் கேட்டு வாங்கினவ" என்று மெல்லச் சொன்னாள். பாடமாக்கினது அந்த இடத்தில் உதவியது.

தேசிய நூதனசாலைக் கட்டடத்தின் கதையை எனக்குச் சொன்னது புத்தகமில்லை, எங்கள் கடைக்கு மூட்டை இறக்குகிற நாநா. அவர் மருதானை முஸ்லிம், எனக்கு மூத்தவர். நான் சனிக்கிழமைகளில் நூதனசாலை நூதனசாலையாக அலைகிறேன் என்று தெரிந்ததும் ஒருநாள் சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னார்:

"அத யாரு கட்டின தெரியுமா ஐயா? எங்கட ஆள். வாப்பிச்சி மரிக்கார். தொறந்த நாள் கவர்னர் கேட்டாராம், ஒனக்கு என்ன வேணும் எண்டு. காசி கேக்கல்ல, காணி கேக்கல்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆக்கு இத மூடுங்க எண்டு மட்டும் கேட்டாராம்."

கவர்னர் வில்லியம் கிரகரி, திறந்த நாள் 1877 ஜனவரி 1. கேட்டதும் கொடுத்ததும் செவிவழிக் கதையாக இருக்கலாம். ஆனால் நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அந்த நூதனசாலை பூட்டித்தான் கிடந்தது. இப்போது அந்த வழக்கம் இல்லை. கட்டடத்தை வரைந்தவர் ஸ்மிதர் என்ற ஆங்கிலேயர். ஸ்மிதரும் மரிக்காரும் சேர்ந்த இன்னொரு வேலை எங்கள் கடையிலிருந்து ஐந்து நிமிட நடையில் நிற்கிறது என்பதை நான்தான் நாநாவுக்குச் சொன்னேன். கெய்மன் வாசலடியில் இருக்கிற பழைய நகர மண்டபம், 1873. அவர் நம்பவில்லை. "அதுக்கு முன்னால நான் எத்தின வருஷம் வண்டி தள்ளின" என்றார்.

பழைய நகர மண்டபத்துக்கு மேல்மாடிக்காகவே போகவேண்டும். பழைய மாநகரசபை உறுப்பினர்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் நடத்துகிற மாதிரி உருவங்களை இருத்தி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த நேரத்தில் தனியாகப் போனால் ஒரு கணம் திடுக்கிடும். வெளியே கெய்மன் வாசல் மணிக்கூண்டு. அதன் மணி போர்த்துக்கேயர் காலத்துக் கோட்டைக் கோயில் ஒன்றிலிருந்து வந்தது என்கிறார்கள். இந்தக் 'கோட்டை' கொழும்புக் கோட்டையல்ல, கோட்டே இராச்சியத்துக் கோட்டை. ஊருக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் எப்போதும் குழம்புவார்கள். ஒல்லாந்தர் அந்த மணியை அடித்து ஊரடங்கச் சொன்னார்கள். 'கெய்மன்' என்பது ஒல்லாந்தில் முதலை. முதலை இருந்த அகழிக்கு மேலே இப்போது பழக்கடை.

தெருப்பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது இந்த அலைச்சலில் எங்களுக்குக் கிடைத்த நல்ல பழக்கம். ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றார்கள், அடிமைகளை அடைத்து வைத்ததால் வந்த பெயர். நாங்கள் சொல்வது கொம்பனித்தெரு. எந்தக் கொம்பனி என்பதற்கு ஒரு விடை பிரின்ஸ் வீதியில், காசுக் கண்ணாடிப்பெட்டிக்குள் கிடக்கிறது. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய முத்திரை. 1602இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனி. அந்த எழுத்தைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது வ.உ.சி.யின் ஞாபகம். அவரும் வெள்ளைக்காரக் கொம்பனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத்தானே கப்பல் விட்டார். மகளுக்கு அந்தப் பகிடி பிடித்திருந்தது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கணக்கு, காசு என்று வாழ்கிறவர்கள் தவறவிடக்கூடாது. யாழ்ப்பாண அரசரின் 'சேது' என்று எழுதிய நந்திக் காசைக் கண்ணால் கண்டது அங்கேதான். எங்கள் அப்பப்பாவின் பழைய காணி உறுதியில் 'இறைசால்' என்று ஒரு சொல் வரும். சின்ன வயதில் அது ஏதோ வரி என்று நினைத்திருந்தேன். அது ஒல்லாந்தரின் றிக்ஸ் டொலர் காசு. 1872இல் ரூபாயும் சதமும் வந்து அந்தக் கணக்கெல்லாம் சரித்திரமாகிவிட்டது. அந்தக் கட்டடம் 1914இல் முடித்தது, தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அதுவும் பலத்த சேதம் கண்டது. அன்றைக்கு நான் கடையில். லாச்சி தானாகத் திறந்து சில்லறை நிலத்தில் கொட்டிற்று. பொறுக்கி எடுக்கிறதா ஓடுகிறதா என்று தெரியாமல் நின்ற நேரம், பிறகு வந்த கிழமைகளில் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தது, இவை ஒன்றும் கண்ணாடிப்பெட்டிக்குள் இல்லை. மகள் அன்றைக்குக் கொப்பியில் எழுதிய பொருள் சேதுக்காசு. அடுத்த பக்கத்தில், நான் கேட்காமலே, 'அப்பாவின் லாச்சி, 1996' என்று எழுதியிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்த சில விஷயங்கள். பிரின்ஸ் வீதி நூதனசாலைக்கு ஞாயிற்றுக்கிழமை போய் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். அங்கே ஞாயிறும் திங்களும் விடுமுறை. முழுநிலவுப் போயா தினத்திலும் இந்த இடங்களை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். புறக்கோட்டைக்குச் சனி காலை ஒன்பது மணி நல்லது. பதினொன்றுக்குப் பிறகு வண்டிகளுக்கு நடுவில் பிள்ளைகளோடு நடப்பது சீவன் போகிற வேலை. தேசிய நூதனசாலைக்குப் பள்ளிக்கூட பஸ்கள் வருகிற நாளில் போனால் பொருளைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். ஆனால் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் கேட்கக் கிடைக்கும், அதுவும் நட்டமில்லை. காவலாளிகளோடு கதையுங்கள், அரைகுறைச் சிங்களமானாலும் போதும். நாங்கள் இப்போது விளக்கப் பலகையை மாறி மாறி வாசிக்கிறோம், தமிழை நான், சிங்களத்தை மகள். ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எங்கேயும் நிற்பதில்லை. பிறகு கட்டாயம் எங்கேயாவது இருந்து சாப்பிடவேண்டும். உண்மையான கதை அங்கேதான் தொடங்கும்.

போன மாதம் நாநாவையும் கூட்டிக்கொண்டு பிரின்ஸ் வீதிக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷம் அந்த வாசலைத் தாண்டிச் சாக்கு சுமந்தவர், செருப்பைக் கழற்றவா என்று படியில் நின்று கேட்டார். வேண்டாம் என்றேன். தளபாடங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களிடம் போனதும் நின்றுவிட்டார். ஆளுயரத்துக்கு மேல், எழுத்தும் குடும்பச் சின்னமும் செதுக்கின கனத்த கற்கள். குனிந்து, கையால் தடிப்பை அளந்தார். எழுந்து முற்றத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, இது யாருடைய கல் என்றெல்லாம் கேட்காமல், தொழில்காரனின் குரலில் கேட்டார்:

"ஐயா, இத கப்பல்ல இருந்து யாரு எறக்கின?"

விளக்கப் பலகையை இரண்டு மொழியிலும் வாசித்துப் பார்த்தோம். அது எழுதியிருக்கவில்லை. மகள் கொப்பியைத் திறந்து, அந்தக் கேள்வியை எழுதி, கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டாள்.